வேற்றுக்கிரகவாசியின் உடுப்பும் தொல்காப்பியரின் மருட்கையும்

வேற்றுக்கிரகவாசி ஒருவரை இதுவரை எவரும் கண்டதில்லை. ஆயினும் அவர் எப்படி இருப்பார் என்று கேட்டால், எங்கட பாடசாலையில் தரம் 6 இல் படிக்கும் பிள்ளையே இரண்டு நிமிடத்தில் வரைந்து தந்துவிடும். பெரிய தலை, இமை வெட்டாத பெரிய கண், ஈர்க்கில் போன்ற கை கால். காணாத ஒன்றுக்கு இத்தனை தெளிவான உருவம் எங்கிருந்து வந்தது? வானியல் நூல்கள் அதைத் தரவில்லை. சினிமா தந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், சினிமாவின் பின்னறையில் களிமண் பிசைந்தவர்களும், அச்சு வார்த்தவர்களும், றப்பர் பாலை நுரைக்க வைத்தவர்களும், மயிரை இழை இழையாகக் கோத்தவர்களும் தந்தார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கைவேலையைப் பற்றியது. நான் தமிழ் படிப்பிக்கிறவள். சினிமாத் தொழிலுக்கும் எனக்கும் பார்வையாளர் என்ற உறவு மட்டுமே உண்டு. ஆனால் மெய்ப்பாடுகளை வகுப்பில் விளக்கும் ஒவ்வொரு முறையும் உதாரணம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் நகையையும் அழுகையையும் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். மருட்கை, அதாவது வியப்பு, மட்டும் நழுவிப் போகும். மருட்கை பிறக்க நான்கு காரணங்கள் உண்டு என்கிறார் தொல்காப்பியர். முன்பு காணாததைக் காணும் புதுமை ஒன்று. அளவுக்கு மிஞ்சிப் பெரியதைக் காணும் பெருமை இன்னொன்று. மிகச் சிறியதைக் காணும் சிறுமை மூன்றாவது. நான்காவது ஆக்கம், ஒரு பொருள் இன்னொரு பொருளாகத் திரிவதைக் காண்பது என்று அதனை விளங்கிக்கொள்ளலாம்.

விண்வெளிப் படங்களுக்கு உடுப்புச் செய்தவர்கள் தொல்காப்பியரைக் கேள்விப்பட்டிருக்கப் போவதில்லை. ஆனாலும் அவர்கள் திரும்பத் திரும்பத் தட்டியது இந்த நான்கு கதவுகளைத்தான். வகுப்பில் இதனை உதாரணமாகச் சொல்லத் தொடங்கிய பிறகு மருட்கை நழுவுவது குறைந்திருக்கிறது. அந்த உதாரணங்களையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

அச்சும் றப்பர் பாலும்

முதலில் வேலையின் ஒழுங்கைப் பார்ப்போம். கணினி வரைகலை பரவுவதற்கு முன்னர் வந்த படங்களில் வேற்றுக்கிரகவாசி என்றால் பெரும்பாலும் உள்ளுக்கு ஓர் ஆள் இருப்பார். எனவே வேலை அந்த ஆளின் உடம்பிலிருந்தே ஆரம்பமாகிறது. நடிகரை அசையாமல் நிற்க வைத்து, கை கால் முறிந்தால் வைத்தியசாலையில் சுற்றுகிற சாந்துத் துணியால் உடம்பைச் சுற்றி அச்சு எடுப்பார்கள். முகத்துக்கு வேறு பசை பாவிப்பார்கள். அது கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அல்ஜினேட். பல் வைத்தியர் பல்லுக்கு அச்சு எடுப்பதும் இதே பொருளால்தான். மூக்குத் துவாரங்களை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுவதையும் மூடுவார்கள். நெஞ்சடைப்பு, பயம் உள்ளவர்களுக்கு இந்த வேலை சரிவராது.

அந்த அச்சில் சாந்தை வார்த்தால் நடிகரின் உடம்புக்குச் சரிநிகரான ஓர் உருவம் கிடைக்கும். அதன்மேல் களிமண்ணை அப்பி, வேண்டிய தோலையும் எலும்பையும் செதிலையும் சிற்பி வனைவார். வனைந்து முடிந்ததும் அதற்கு வெளியச்சு எடுப்பார்கள். பிறகு களிமண்ணை நீக்கிவிட்டு, வெளியச்சுக்கும் நடிகரின் உருவத்துக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தில், நுரைக்க வைத்த றப்பர் பாலை நிரப்பி, பெரிய அடுப்பில் மெல்லிய சூட்டில் வேக வைப்பார்கள். வெந்து வருவது பாண் போல மெத்தென்று, தோல் போல வளைந்து கொடுக்கும். உட்பக்கம் நடிகருக்கு அளவாக இருக்கும்; வெளிப்பக்கம் வேற்றுலகத்தவராக இருக்கும்.

மூலப்பொருள் நமக்குத் தெரியாததல்ல. களுத்துறை, கேகாலைப் பக்கங்களில் விடியற்காலையில் மரத்தில் வெட்டுப் போட்டுச் சிரட்டையில் பிடிக்கிறார்களே, அந்தப் பால்தான். பிற்காலத்தில் சிலிக்கன் போன்ற செயற்கைப் பொருட்களும் சேர்ந்துகொண்டன. அதன்பின் நிறம் தீட்டுவது, மயிர் நடுவது, தலைக்குள் கண்ணையும் உதட்டையும் அசைக்கும் கம்பிகளும் மோட்டர்களும் பொருத்துவது என்று வேலை நீளும்.

இத்தனையும் முடிந்து நடிகர் உள்ளே போன பிறகுதான் உண்மையான கஷ்டங்கள் வெளிக்கிடும். றப்பருக்குள் காற்றுப் போகாது. படப்பிடிப்பு விளக்குகளின் சூட்டில் வியர்வை தேங்கும். கண்ணுக்கு விட்ட துவாரத்தால் நேரே மட்டும்தான் தெரியும். சில உடுப்புகளில் அதுவும் இல்லை. இயக்குநர் சொல்வது காதில் விழாது. இருக்க முடியாது; சாப்பிட முடியாது. ஆகவே உடுப்பை வடிவமைப்பவர் அழகை மட்டும் யோசித்தால் போதாது. இந்த ஆள் எத்தனை நிமிடம் உள்ளுக்கு நிற்பார், எந்தப் பக்கத்தால் அவசரமாக வெளியே எடுக்கலாம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலான சிக்கல் இன்னொன்று. மனிதக் கண், மனித உடம்பை எந்தப் போர்வைக்குள்ளும் கண்டுபிடித்துவிடும். தோளின் அகலம், முழங்காலும் முழங்கையும் மடியும் இடம், தலைக்கும் உடம்புக்கும் உள்ள அளவு, நடை ஆகிய இவை ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். "அது சும்மா ஆள் ஒன்டு றப்பர் உடுப்புப் போட்டிருக்கு" என்று பார்வையாளர் நினைத்த கணத்தில் மருட்கை செத்து நகை பிறந்துவிடும். வடிவமைப்பாளர்களின் அரைவாசிக் கெட்டித்தனம் இந்தக் காட்டிக்கொடுப்பைத் தடுப்பதிலேயே செலவாகிறது.

புதுமை: கண் இல்லாத தலை

காட்டிக்கொடுப்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் 1953 இல் வந்த 'றோபோ மொன்ஸ்டர்' என்ற அமெரிக்கப் படத்தைச் சொல்லலாம். கையில் காசு இல்லை. ஜோர்ஜ் பரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடுப்பு இருந்தது. அதன் தலையைக் கழற்றிவிட்டு, சுழியோடிகள் போடுவதைப் போன்ற கவசத்தைப் பொருத்தி, "சந்திரனிலிருந்து வந்தவன்" என்று விட்டுவிட்டார்கள். தெரிந்த இரண்டு பொருளை ஒட்டினால் புதுமை வராது. அந்தப் படத்தை இன்று மக்கள் பார்ப்பது சிரிப்பதற்காக.

அதற்கு 26 வருடங்கள் கழித்து, 1979 இல் றிட்லி ஸ்கொட்டின் 'ஏலியன்' வந்தது. இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட படம். அதன் விலங்கை வடிவமைத்தவர் எச். ஆர். கீகர் என்ற சுவிஸ் ஓவியர். எலும்பும் இயந்திரக் குழாயும் ஒன்றோடொன்று பின்னிய உருவங்களைத் தீட்டுபவர் அவர். கதையாசிரியர்களில் ஒருவரான டான் ஓபனன் அவரது ஓவியங்களை ஸ்கொட்டுக்குக் காட்ட, 1976 இல் தீட்டிய ஓர் ஓவியமே படத்தின் விலங்குக்கு மூலமாயிற்று.

கீகர் அந்த ஓவியத்தை அப்படியே உடுப்பாக மாற்றவில்லை. ஓவியத்தில் கண் இருந்தது; உடுப்பில் கண்ணை எடுத்துவிட்டார். காரணம் எளிது. ஒருவரது கண்ணைப் பார்த்தால் அவர் எங்கே பார்க்கிறார், கோபமா, பசியா என்று ஊகிக்கலாம். கண்ணே இல்லாதபோது அது உங்களைக் கவனிக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் காரணங்களில் அணங்கும் விலங்கும் உண்டு. கீகரின் உடுப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் வாயிலிருந்து வடியும் பசை இளிவரலைச் சேர்க்கிறது. மருட்கை, அச்சம், இளிவரல் என மூன்று மெய்ப்பாடுகள் ஒரே உடுப்பில்.

உடுப்புச் செய்வதற்கு உண்மையான எலும்புகளும் இயந்திரக் குழாய்களும் பாவிக்கப்பட்டன. தலையின் உள்ளே தாடையையும் நாக்கையும் இயக்கும் பொறிகளைச் செய்தவர் இத்தாலியரான கார்லோ ரம்பால்டி. தலையைப் பின்பக்கமாக நீட்டியது காட்டிக்கொடுப்புக்கு எதிரான தந்திரம். மனிதத் தலையின் அளவு குழம்பிவிட்டால் உடம்பின் அளவும் குழம்பிவிடும்.

மிகுதியைச் செய்தவர் உள்ளே நின்ற ஆள். போலாஜி படேஜோ, 1953 இல் நைஜீரியாவின் லாகோஸில் பிறந்தவர். லண்டனில் வரைகலை படித்துக்கொண்டிருந்த மாணவர். உயரம் 6 அடி 10 அங்குலம். மிக மெலிந்த உடம்பு, நீண்ட கை கால். நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் முகவர் ஒருவரின் கண்ணில் தற்செயலாகப் பட்டார். சாதாரண மனித அளவுகளுக்குள் அடங்காத உடம்பு அது; அவரைச் சுற்றியே உடுப்பு கட்டப்பட்டது. ஊமைக்கூத்தும் தாய்ச்சி என்ற சீனப் பயிற்சியும் பழக்கி, அவசரமில்லாத, மனிதத்தனமற்ற அசைவை அவருக்குள் கொண்டுவந்தார்கள். வால் இருந்தபடியால் அவரால் கதிரையில் இருக்க முடியவில்லை. காட்சிகளுக்கு இடையில் இளைப்பாற ஓர் ஊஞ்சல் செய்து கொடுத்தார்களாம்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், அவர்ர முகம் படத்தில ஒருக்காவும் வராதா?" வராது. விலங்கை உருவாக்கிய கலைஞர்களுக்கு 1980 இல் ஒஸ்கார் கிடைத்தது. கீகரும் ரம்பால்டியும் அதில் அடக்கம். படேஜோ அதன்பின் வேறு படத்தில் நடிக்கவில்லை. 1992 இல், 39 வயதில் காலமானார். உலகமே பயந்து பார்த்த உருவத்துக்குள் இருந்தது கூச்ச சுபாவமுள்ள ஓர் ஆபிரிக்க மாணவர் என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

பெருமை: ஏழடி மனிதர்கள்

பெருமையால் பிறக்கும் மருட்கைக்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1977 இன் 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் வரும் ச்சூபாக்கா ஒன்று. உடம்பு முழுக்க மயிர் மூடிய, நல்ல குணமுள்ள நண்பன். உள்ளே இருந்தவர் பீட்டர் மேஹியூ. 7 அடி 3 அங்குல உயரமான அவர் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் ஊழியராக வேலை செய்தவர். உடுப்பைச் செய்தவர் ஸ்டூவர்ட் ஃப்ரீபோர்ன். பின்னிய துணியில் மொஹேர் என்னும் ஆட்டு மயிரையும் யாக் மயிரையும் இழை இழையாகக் கோத்தார். நமது இலக்கியம் பேசும் கவரிமா என்று பலர் அடையாளம் காணும் விலங்குதான் யாக். மயிர் இழந்தால் உயிர் வாழாத விலங்கின் மயிரால் ஓர் உடுப்பு என்று நினைத்தால் தமிழ் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

ஃப்ரீபோர்ன் இங்கே கீகருக்கு நேர்மாறான முடிவை எடுத்தார். எல்லாவற்றையும் மூடிவிட்டு, நடிகரின் சொந்தக் கண்ணை மட்டும் திறந்துவிட்டார். ஏழடிப் பூதம் ஒன்று நண்பனானதற்குக் காரணம் அந்தக் கண். கண்ணை எடுத்தால் அச்சம், கண்ணை விட்டால் அன்பு. இவ்வளவுதான் விதி என்று சொல்லிவிடலாம்.

மற்றையது 1987 இன் 'பிரடேட்டர்'. முதலில் செய்த உடுப்பை அணிந்து மெக்சிகோக் காட்டில் இறங்கியவர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஜோன் க்ளோட் வான் டாம். அந்த உடுப்பு சரிவரவில்லை. கதாநாயகன் ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்நேகரின் உடம்புக்கு முன்னால் நின்று பயமுறுத்த அதற்குப் பலம் போதவில்லை. எல்லாவற்றையும் கைவிட்டு, ஸ்டான் வின்ஸ்டன் என்ற கலைஞரிடம் புதிதாக ஒப்படைத்தார்கள். விமானப் பயணம் ஒன்றில் வின்ஸ்டன் படம் வரைந்துகொண்டிருக்க, பக்கத்தில் இருந்த இயக்குநர் ஜேம்ஸ் கமரூன், பூச்சிகளுக்கு இருப்பதைப் போல் விரியும் தாடை வைத்த ஓர் உருவத்தைப் பார்க்க வேண்டும் என்று தனக்கு நெடுநாள் ஆசை என்றாராம். அந்தத் தாடையே அப்படத்தின் அடையாளமாயிற்று. உடுப்புக்குள் போனவர் ஏழடிக்கு மேல் உயரமான கெவின் பீட்டர் ஹோல். பருத்த ஸ்வார்ஸ்நேகர் அவர் பக்கத்தில் சின்னப் பிள்ளை போலத் தெரிந்தார்.

அந்தப் படத்தில் விலங்கு காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் காட்சிகள் உண்டு. அதற்காகச் செய்த இன்னொரு உடுப்பு முழுச் சிவப்பு. மறைய வேண்டியதற்கு ஏன் சிவப்பு? காட்டின் பச்சைக்கும் வானத்தின் நீலத்துக்கும் மிகவும் மாறான நிறம் அது. படச்சுருளில் சிவப்பு உள்ள இடத்தை மட்டும் பிரித்து நீக்கிவிட்டு, அவ்விடத்தில் காட்டின் வளைந்த பிம்பத்தை நிரப்பலாம். மறைப்பதற்காகவே பளிச்சென்று ஓர் உடுப்பு.

சிறுமை: முதியவரின் முகம்

சிறியதைக் கண்டும் மனிதன் வியக்கிறான். 1982 இல் ஸ்டீவன் ஸ்பில்பேர்க் எடுத்த 'ஈ.டி.' அதற்குச் சாட்சி. அதனைச் செய்தவரும் அதே ரம்பால்டிதான். சுமார் 15 இலட்சம் டொலர் செலவானது. முகபாவக் காட்சிகளுக்கு இயந்திரப் பொம்மை. நடக்கும் காட்சிகளுக்கு உடுப்பு. உடுப்புக்குள் போனவர்கள் மூன்றடியை எட்டாத இரு கலைஞர்களும், பிறவியிலேயே கால்கள் இல்லாத 12 வயதுச் சிறுவன் மத்தியூ டிமெரிட்டும். கையால் நடந்து பழகிய அந்தப் பிள்ளையின் நடையே ஈ.டி. தள்ளாடும் நடையாயிற்று. சமூகம் குறை என்று பார்த்த ஒன்று, வேறெவராலும் செய்ய முடியாத நடிப்பாக மாறியது.

ஈ.டி.யின் முகத்துக்கு ஐன்ஸ்டைன், ஹெமிங்வே, கவிஞர் கார்ல் சாண்ட்பேர்க் ஆகியோரின் முதுமை முகங்களை முன்மாதிரியாகக் கொண்டார்கள். இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. தொல்காப்பியர் மூப்பை இளிவரலுக்குரிய காரணங்களில் வைக்கிறார். சுருங்கிய தோலைக் கண்டு மனம் சுளிக்கும் என்பது அவர் கண்ட உலகியல். ரம்பால்டி அதே சுருங்கிய தோலை ஒரு குழந்தை அளவு உடம்பில் வைத்தார். முதியவரும் குழந்தையும் ஒன்றானபோது இளிவரல் இரக்கமாகக் கரைந்துவிட்டது.

ஈ.டி.யைப் பற்றிப் பேசும்போது, எடுக்கப்படாமலே போன ஒரு படத்தைச் சொல்லாமல் விடமுடியாது. அதில் நமது நாட்டுக்கும் பங்குண்டு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சீ. கிளார்க், 1966 இல் லண்டனில் சத்யஜித் ராயைச் சந்தித்தார். வங்காளக் கிராமம் ஒன்றின் குளத்தில் விண்கலம் இறங்குவதாக ராய் ஒரு கதை சொன்னார். கிளார்க் அதனை இலங்கையிலிருந்த தன் நண்பர் மைக் வில்சனுக்குத் தெரிவித்தார். சிங்கள சினிமாவின் முதல் வர்ணப் படமான 'ரன்முத்து தூவ'வை 1962 இல் இயக்கியவர் அவர். ராய் 1967 இல் திரைக்கதையை எழுதினார். ஹொலிவூட்டின் கொலம்பியா நிறுவனமும் முன்வந்தது. ஆனால் படம் எடுபடவில்லை. 'ஈ.டி.' வெளிவந்தபின் இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை பற்றிய பேச்சு எழுந்தது. ஸ்பில்பேர்க் அதை மறுத்தார்.

எஞ்சியிருப்பவை ராய் தன் கையால் வரைந்த படங்கள். மெலிந்த சிறு உடம்பு, பெரிய தலை, குழிந்த கண். ஒரு பிள்ளையோடு சிநேகம் கொள்ளும் அந்த உருவத்தில் ஆயுதமோ கவசமோ இல்லை. இதற்கு முன்னோடியாக ராய் 1962 இல் எழுதிய சிறுகதையில் வேற்றுலகத்தவரைச் சந்திப்பவர், ஊரார் கேலி செய்து வதைக்கும் ஓர் ஏழைப் பள்ளிக்கூட வாத்தியார். சொந்த ஊரில் அந்நியப்பட்ட மனிதருக்கு வானத்திலிருந்து வந்தவர் நண்பராகிறார். எங்கட தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் மட்டும் அந்தக் கதை எனக்கு நெருக்கமாகவில்லை.

ஏற்கனவே யாரோ உடுத்த உடுப்பு

இதுவரை பேசியவை புதிதாக வனைந்த தோல்கள். இன்னொரு வழியும் உண்டு. பூமியில் ஏற்கனவே ஒரு சமூகம் உடுத்துவதை எடுத்து, வேறொரு கிரகத்தவருக்கு அணிவித்துவிடுவது. 'ஸ்டார் வோர்ஸ்' படத்தின் பாலைவனக் கிரகக் காட்சிகள் 1976 இல் துனீசியாவில் எடுக்கப்பட்டன. அக்கிரகத்தின் பெயரே ததாவீன் என்ற துனீசிய ஊரின் பெயரைத் தழுவியது. ஆடை வடிவமைப்பாளர் ஜோன் மொலோ, இராணுவச் சீருடைகளின் வரலாற்றை ஆராய்ந்தவர். அவருக்கு அவ்வேலைக்காக ஒஸ்காரும் கிடைத்தது.

அப்படத்தில் ஜாவா என்னும் சிறு உருவங்கள், தலைமூடியுள்ள கபில நிற நீளங்கி அணிந்திருக்கும். முகம் இருக்க வேண்டிய இருட்டில் இரண்டு சிறு விளக்குகள் மட்டும் எரியும். பாலைவனக் கொள்ளையர்கள் தலையைத் துணியால் சுற்றி, நீளங்கி போர்த்து, விலங்கின் மேல் ஏறி வருவார்கள். வட ஆபிரிக்காவின் சந்தைகளில் வெயிலுக்கும் குளிருக்கும் தாத்தாமார் போர்த்துக்கொண்டு திரியும் அங்கியோடு இந்த உடுப்புகளுக்குள்ள உறவு பார்த்தவுடனே தெரியும். அதே படத்தில் ஞானியான ஓபிவான் அணிவதும் அந்தக் குடும்பத்து அங்கிதான் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே துணி முகம் தெரிந்தால் ஞானியாகிறது, முகம் மறைந்தால் கொள்ளையனாகிறது.

வடிவமைப்பாளர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரு சமூகத்தின் அன்றாடம் இன்னொரு சமூகத்தின் கண்ணுக்குப் புதுமையாகத் தெரியும் என்பதுதான் விடயம். 2019 ஏப்ரல் இறுதியில் இந்நாட்டில் அவசரகால ஒழுங்குவிதி முகம் மறைப்பதைத் தடைசெய்தது. அதையடுத்த மாதங்களில் முகம் மறைக்காத, வெறும் அபாயா மட்டும் அணிந்த நமது பெண்கள் பஸ்ஸிலும் கடையிலும் கண்ட பார்வை எப்படியிருந்தது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நேற்றுவரை பக்கத்து வீட்டு டீச்சராக இருந்தவரை, உடுப்பு ஒரே கிழமையில் வேறொரு கிரகத்தவராக்கிவிட்டது. உடுப்பில் எந்த மாற்றமும் இல்லை. பார்த்த கண்தான் மாறியது.

ஆக்கம்: மனிதர் ஏதிலாராகும் கதை

தொல்காப்பியரின் நான்காவது காரணத்துக்கு வருவோம். 2009 இல் வந்த 'டிஸ்ட்ரிக்ட் 9', நீல் ப்ளொம்காம்ப் இயக்கிய தென்னாபிரிக்கக் கதை. ஜொகன்னஸ்பேர்க் நகரின் மேலே விண்கலம் ஒன்று வந்து நின்றுவிடுகிறது. அதிலிருந்து மீட்கப்பட்டவர்கள் தகரக் கொட்டில்களில் அடைக்கப்படுகிறார்கள். ஊரார் அவர்களை 'இறால்' என்று இழிவாக அழைக்கிறார்கள். இங்கே உடுப்பு றப்பரால் ஆனதல்ல. ஜேசன் கோப் என்ற நடிகர் சாம்பல் நிற உடுப்பணிந்து நடிக்க, அவருக்குப் பதிலாகக் கணினியில் வரைந்த பூச்சி உருவம் பின்னர் வைக்கப்பட்டது. கணினி வந்த பிறகும் உள்ளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரில் நிற்கும் நடிகர் பேசுவதற்கு ஒரு முகம் வேண்டுமே.

அந்தப் பூச்சி உருவங்களில் சில, மனிதர் கழித்துவிட்ட துணித் துண்டுகளை உடுத்திருக்கும். வடிவமைப்பில் இது சிறிய விடயம், ஆனால் பலமானது. துணி உடுத்த கணத்தில் அது விலங்கு என்ற நிலையிலிருந்து ஏழை என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. அவற்றை வெளியேற்றப் போகும் தனியார் நிறுவன ஊழியன் விக்கஸ், விபத்தொன்றின் பின் சிறிது சிறிதாகத் தானே பூச்சியாகத் திரிகிறான். முதலில் கை, பிறகு கண், கடைசியில் முழு உடம்பு. இதுவே ஆக்கம். நேற்று அவன் யாரை விரட்டினானோ, இன்று அவர்களில் ஒருவன்.

படத்தின் பெயர் கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை நினைவூட்டுவது. நிறவெறி அரசு 1966 இல் அதனை வெள்ளையருக்கான பகுதியாகப் பிரகடனம் செய்து, 60,000 க்கும் மேற்பட்டோரை வெளியேற்றி, வீடுகளை இடித்தது. வெளியேற்றப்பட்டவர்களில் கேப் மலாய் முஸ்லிம்கள் பலர். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளாகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் அவர்கள். அச்சமூகம் தன் முன்னோடியாகப் போற்றும் மகஸ்ஸாரின் ஷெய்க் யூசுப், 1684 இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, பத்து வருடங்கள் இங்கிருந்த பின்பே 1694 இல் கேப்புக்கு அனுப்பப்பட்டார். ஆகவே அந்தக் கதை நமக்கு முற்றிலும் வேற்றூர்க் கதையல்ல.

ப்ளொம்காம்ப் இதற்கு முன்னர், 2005 இல், இதே கருவில் ஒரு குறும்படம் எடுத்தார். அதில் சாதாரண மக்கள் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி முறைப்படுவார்கள். உண்மையில் அவர்களிடம் கேட்கப்பட்டது, சிம்பாப்வே போன்ற நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி. பதிலை எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தப் பதில்கள் பூச்சிகளுக்கு அளவாகப் பொருந்தின. இத்தனை பொருத்தமான உடுப்பை எந்தத் தையற்காரரும் தைத்திருக்க மாட்டார்.

ஆனால் அதே 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தில் நைஜீரியர்கள் கொள்ளைக்காரராகவும் வேற்றுக்கிரகவாசிகளின் மாமிசம் உண்பவராகவும் சித்திரிக்கப்பட்டனர். நைஜீரிய அரசாங்கம் கண்டித்து, தன் நாட்டில் படத்தைக் காட்ட வேண்டாம் என்றது. அந்நியருக்காகப் பரிந்து பேசிய படமே இன்னொரு மக்கள் கூட்டத்தை அந்நியராக்கிவிட்டது. 1979 இல் ஏலியனின் தோலுக்குள் நின்றவரும் ஒரு நைஜீரியர் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தத் துறை எவ்வளவு கவனத்தைக் கேட்கிறது என்பது புரியும்.

சொல்லும் உடுப்பும்

சொல்லும் ஒரு வகை உடுப்புத்தான். ஆங்கிலச் சட்டத்தில் 'ஏலியன்' என்பது பிறநாட்டுப் பிரஜையைக் குறித்த சொல். வானத்து ஆளுக்கு அது பின்னர்தான் போர்த்தப்பட்டது. பழந்தமிழில் ஏதிலார், நொதுமலர், பிறர், வேற்றார் என்று அந்நியருக்குப் பல சொற்கள் உண்டு. ஏதிலார் என்றால் எந்தத் தொடர்பும் இல்லாதவர். 2024 பொங்கலுக்கு வந்த தமிழ்ப் படமொன்று வேற்றுக்கிரகவாசிக்கு 'அயலான்' என்று பெயர் வைத்தது. அந்தச் சொல்லில் ஓர் அழகு இருக்கிறது. அகராதியில் அது அந்நியனையும் குறிக்கும். ஆனால் எங்கட பேச்சில் அயலவர் என்றால் பக்கத்து வீட்டார். அவசரத்துக்குச் சீனியும் தேயிலையும் கொடுத்து வாங்குகிற ஆட்கள்.

உடுப்பு வடிவமைப்பாளர் செய்வதும் இந்த இரண்டு பொருளுக்கும் இடையில் ஒன்றைத் தெரிவதுதான். கண்ணை மூடுவதா திறப்பதா, துணி உடுத்துவதா விடுவதா, கிழவரின் முகமா பூச்சியின் தாடையா என்று அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும், பார்க்கிற நம்மை ஏதிலாரின் பக்கமோ அயலவரின் பக்கமோ கொஞ்சம் நகர்த்துகிறது. பிள்ளைகளோடு இப்படங்களைப் பார்க்கும் பெற்றோர், கதை முடிந்ததும் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பார்க்கலாம்: "இந்த ஆளுக்கு ஏன் இப்படி உடுப்பாட்டினாங்க?" விடை சொல்லத் தொடங்கும் பிள்ளை, பஸ்ஸில் எதிரே இருப்பவரின் உடுப்பையும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கும்.